நேரு கையொப்பமிட்ட புகைப்படம்: வாங்கலாமா?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். அஞ்சல்தலைகளையும் நாணயங்களையும் நெடுநாளாகச் சேர்த்துவரும் எனக்கு, அண்மைக் காலமாக அரசியல் தலைவர்கள் கையொப்பமிட்ட பழைய புகைப்படங்களின் மீது நாட்டம் ஏற்பட்டிருக்கிறது. நாணயத்துக்கு எடையும் உலோகமும் உண்டு. அஞ்சல்தலைக்கு விலைப்பட்டியல் நூல்கள் உண்டு. கையொப்பத்தில் எதை நம்பிப் பணம் கொடுப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சென்னையில் உள்ள பழம்பொருள் வியாபாரி ஒருவர், ஜவாஹர்லால் நேருவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நாற்பதாயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய படம். நேரு ஒலிபெருக்கியின் முன் நின்று பேசுகிறார். கீழ்ப்பகுதியில் நீல மையில் ஆங்கிலத்தில் முழுப்பெயரும், அதனடியில் 1955 ஜனவரி என்ற குறிப்பும் உள்ளன. ஆவடி காங்கிரஸ் மாநாட்டில் தொண்டராகப் பணியாற்றிய ஒருவர் நேரில் பெற்ற படம் அது என்றும், அவருடைய வீட்டார் அதனைச் சென்னையின் பழைய சந்தையான மூர் மார்க்கெட்டில் விற்றுவிட, அங்கிருந்து தம் தந்தையார் வாங்கினார் என்றும் வியாபாரி கூறுகிறார். உண்மைச் சான்றிதழ் ஒன்றும் தருவாராம். அது அவருடைய கடையின் பெயரிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

அதே கடையில், காந்தியடிகள் தமிழில் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் சிறு படம் ஒன்றையும் பார்த்தேன். அதில் தேதியில்லை. இவை தவிர, இணைய ஏலங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் கையொப்பப் படங்கள் வியப்பூட்டும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது, வாங்கினால் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பழங்காகிதம்:

நண்பரே, வேறு எதையும் கேட்பதற்கு முன், படத்தை ஃபிரேமிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கையொப்பத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல இயலாது. "பழைய ஃபிரேம், பிரித்தால் மதிப்புப் போய்விடும்" என்று அவர் மறுப்பாரானால், அந்த மறுப்பையே விடையாக எடுத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வெளியே எடுத்தபின், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கொண்டு மையைப் பாருங்கள். நகைக்கடையில் வைரம் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, அதுவே போதும். கோடு முழுவதும் நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சு. புள்ளிகள் இல்லாவிட்டாலும், படத்தைச் சாய்த்து ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் படும்படி பிடித்துப் பாருங்கள். உண்மையான மை, படத்தின் மேற்பரப்பில் தனியாகப் படிந்து, அதன் பளபளப்பு சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்டுத் தெரியும். கையொப்பமிட்ட ஒரு படத்தை மறுபடியும் படமெடுத்துப் பிரதி போட்டிருந்தாலோ, கையொப்பமும் முகமும் ஒரே படலத்தில் அடங்கிவிடுவதால் அந்த வேறுபாடு இருக்காது. பழைய ஸ்டுடியோ அட்டைகளில் வெள்ளை எழுத்தில் காணப்படும் கையொப்பங்கள் நெகட்டிவின் மீது எழுதப்பட்டவை. அவை எத்தனை பிரதி போட்டாலும் அப்படியே வரும். ஆகவே அவற்றைக் கையொப்பம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது பேனா. மையூற்றுப் பேனாவின் மை, கோடு திரும்பும் இடங்களிலும் முடியும் இடங்களிலும் தேங்கி அடர்ந்திருக்கும். பால்பாயிண்ட் பேனாவோ ஒரே சீரான கோட்டையும் மெல்லிய பள்ளத்தையும் விட்டுச்செல்லும். அந்தப் பேனா நியூயார்க்கில் பரபரப்பாக விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். 1955இல் அது புழக்கத்தில் இருந்தமையால், நேரு படத்தை இதனால் மட்டும் தள்ளிவிட முடியாது. 1930களைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் காந்தி படம் ஒன்றில் அத்தகைய தடம் தென்பட்டால், அதன்பின் வேறு ஆய்வு தேவையில்லை.

கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதா விளக்கு ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள்கள், ஏறக்குறைய 1950களின் நடுப்பகுதியிலிருந்துதான் புகைப்படத் தாள்களில் கலக்கப்பட்டன. அவை கலந்த தாள், இருட்டில் அந்த விளக்கின்கீழ் பளீரென்று நீலவெண்மையாக ஒளிரும். 1955 ஜனவரி என்பது எல்லைக்கோட்டின் அருகில் இருப்பதால், ஒளிர்ந்தால் பெரும் ஐயம் கொள்ளலாமே தவிர, அதனை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் தொடக்கத்திலேயே போகாதீர்கள் என்பது என் கருத்து. ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலேயே, நில உரிமைப் பத்திரங்களில் குடியரசுத் தலைவரின் பெயரைச் செயலாளர் எழுதுவதற்கு 1833இல் சட்டமே இயற்றினார்கள். ஜான் கென்னடியின் பெயரில் அனுப்பப்பட்ட கடிதங்களிலும் படங்களிலும் கணிசமானவை, உதவியாளர்கள் எழுதியவை அல்லது ஆட்டோபென் என்னும் கையொப்ப இயந்திரம் வரைந்தவை. 2011இல் பராக் ஒபாமா பிரான்சில் இருந்தபோது, வாஷிங்டனில் ஒரு சட்டமுன்வரைவுக்கே அந்த இயந்திரம் கையொப்பமிட்டது. இயந்திரக் கையொப்பத்தை அடையாளம் காண்பது ஒரு வகையில் எளிது: மனிதர் எவரும் இரண்டு முறை ஒரே மாதிரி கையொப்பமிடுவதில்லை, ஆகவே இரண்டு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துமானால் அது இயந்திரத்தின் வேலை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிரதி வேண்டுமே; அதற்காகவே சிலர் இயந்திர வடிவங்களைத் தனியே தொகுத்து வைத்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஏட்டறை:

பழங்காகிதம் அவர்கள் பொருளைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆவணங்களோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பொருள் கைமாறிவந்த வரலாற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் மையும் தாளும் பழையவையாக இருந்து, கையொப்பம் மட்டும் புதிதாக இருப்பது நடக்கக்கூடியதே. பழைய வெற்றுப் படமும் பழைய மைப்புட்டியும் கிடைக்காத ஊர் எது?

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. அன்றுமுதல், சென்னையில் கைக்கு வரும் ஐயத்துக்குரிய பழம்பொருள்களில் பாதி அங்கே வாங்கப்பட்டவையாக ஆகிவிட்டன. கேட்டறிய அங்கே இப்போது கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. ஆவடியில் தொண்டராக இருந்தவரின் பெயர் என்ன, எந்த ஊர், அவர் பெயரில் ஒரு கடிதமோ மாநாட்டு அடையாள அட்டையோ படத்துடன் வந்ததா என்று கேளுங்கள். படத்தின் மீது "இன்னாருக்கு" என்று பெயர் எழுதியிருந்தால் சில சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அதற்குத்தான் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன். பெயர் இருந்தால் தேடலாம். பெயரில்லாப் படத்தில் தேடுவதற்கு எதுவும் இல்லை. கடைக்காரர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் சான்றிதழின் பெறுமானம், அது அச்சான தாளின் பெறுமானம்தான்.

ஒப்பிடும் மாதிரிகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சொல்லி 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் பெருந்தொகை கொடுத்து வாங்கி வெளியிட்டவை போலியென்று விரைவிலேயே தெரியவந்தன. கையெழுத்து வல்லுநர்கள் அவற்றை உண்மையென்று சொன்னதற்குக் காரணம், ஒப்பிடுவதற்காக அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அதே போலியாளரின் படைப்புகள் கலந்திருந்தமைதான். இறுதியில் அவற்றைக் காட்டிக்கொடுத்தது, பழங்காகிதம் குறிப்பிட்ட அதே வெண்மையூட்டும் வேதிப்பொருள். ஆகவே வியாபாரி காட்டும் மற்றொரு நேரு கையொப்பத்தோடு இதனை ஒப்பிடாதீர்கள். 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் இறுதிப் பக்கங்களில் இட்ட கையொப்பங்களின் பிரதி எளிதாகக் கிடைக்கிறது. நேரு, இராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட பலருக்கு அது ஐயத்துக்கு இடமற்ற மாதிரி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் அவ்வக்காலத்துக் கோப்புகள் இருக்கின்றன. அதே ஆண்டை ஒட்டிய மாதிரியாக இருப்பது நல்லது. முப்பது வயதில் இட்ட கையொப்பமும் அறுபத்தைந்து வயதில் இட்டதும் ஒன்றாக இருப்பதில்லை.

காந்தியடிகளின் படத்தைப் பற்றி. தென்னாப்பிரிக்காவிலேயே தமிழ் கற்கத் தொடங்கிய அவர், தமிழில் கையொப்பமிட்டதுண்டு. ஆகவே தமிழில் இருப்பதே போலிக்குச் சான்று என்று கொள்ளக்கூடாது. வலக்கை களைத்தபோது இடக்கையாலும் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1909இல் கப்பலில் அமர்ந்து ஹிந்த் ஸ்வராஜ் நூலை எழுதியபோதே அப்படிச் செய்திருக்கிறார். ஆகவே கோடுகள் மாறுபட்டிருப்பதை மட்டும் வைத்து அவருடைய கையொப்பத்தைத் தள்ளுவதும் பிழை. ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுப்பவர்களுக்கே கையொப்பம் என்று அவர் விதித்திருந்தமையால், உண்மையான காந்தி கையொப்பங்கள் நாட்டில் உண்மையிலேயே மிகுதியாகச் சிதறிக் கிடக்கின்றன. (பெரியாரும் கையொப்பத்துக்குக் கட்டணம் பெற்று இயக்கத்துக்குச் சேர்த்தவர், இந்த ஒன்றில் இருவரும் ஒத்துப்போனார்கள்.) போலிகளும் அதே அளவுக்கு மிகுதி என்பது வேறு விஷயம்.

காந்தியைப் பொறுத்தவரை நமக்குள்ள பெரிய வசதி, அவர் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்பது ஏறக்குறைய முழுமையாகப் பதிவாகியிருப்பதுதான். நூறு தொகுதிகள் கொண்ட அவருடைய நூல்திரட்டை இணையத்திலேயே படிக்கலாம். 1934இன் தொடக்கத்தில் ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்; கடைசியாக 1946இல் சென்னைக்கும் மதுரைக்கும் வந்தார். 1943இல் மதுரையில் பெற்றது என்று ஒரு படம் உங்களிடம் வந்தால் லென்ஸை வெளியே எடுக்கவே வேண்டாம். 1942 ஆகஸ்ட் 9 முதல் 1944 மே 6 வரை அவர் புனேயின் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தார். திங்கட்கிழமை அவருக்கு மௌன நாளாயிற்றே என்று ஒருவர் என்னிடம் தடை எழுப்பியதுண்டு. மௌனம் வாய்க்குத்தான், அன்று அவர் எழுதத்தான் செய்தார். உங்கள் படத்தில் தேதியே இல்லை என்பதால் இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. யார் பெற்றது என்றும் தெரியாவிட்டால் அதனை விட்டுவிடுவதே நல்லது.

இத்துறையில் புதிதாக நுழைபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, பெரிய பெயர்களில் தொடங்க வேண்டாம் என்பதே. சென்னை மாகாண முதல்வர்களாக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா ஆகியோரின் கையொப்பங்களையோ, சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரின் கையொப்பங்களையோ போலியாகச் செய்து விற்பதில் யாருக்கும் பெரிய ஆதாயமில்லை. வரலாற்று மதிப்பிலோ அவை எவ்வகையிலும் குறைந்தவையல்ல.

வழக்காடி:

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையும், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகள், பதிவேடுகள், ஆவணங்கள் ஆகியவற்றில் எழுபத்தைந்து ஆண்டு கடந்தவற்றையும் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கையொப்பமிட்ட புகைப்படத்தை வெறும் படமாகக் கொள்வதா, ஆவணமாகக் கொள்வதா என்று வாதிட இடமுண்டு. எச்சரிக்கையாக ஆவணம் என்றே கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் 1934இல் கையொப்பமிட்ட காந்தி படம் ஏதேனும் இருந்தால், அது 2009இலேயே எல்லையைக் கடந்துவிட்டது. 1955இன் நேரு படம் 2030இல் கடக்கும். இந்தியாவுக்குள் வாங்கி வைத்திருப்பதற்குத் தடையில்லை. தொல்பொருளை விற்கும் தொழில் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனியார் எவரும் அதனை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே பிற்காலத்தில் இலண்டனில் ஏலம் விடலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள்.

நான் அதைவிட அஞ்சுவது வேறொன்றுக்கு. படத்தின் பின்புறத்தில் நூலக முத்திரையைச் சுரண்டிய தடமோ, கோப்பில் கோப்பதற்கான துளைகளோ, சிவப்பு மையில் வரிசை எண்ணோ இருந்தால், அது எங்கேயோ பொது நிறுவனத்திலிருந்து வெளியேறியது என்று பொருள். மத்திய அரசின் ஆவணங்களானால் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது எவ்வாறாயினும் குற்றம். விலைச்சீட்டில் பொருளின் விவரம் முழுவதையும், "நேரு கைப்பட இட்ட கையொப்பம்" என்ற சொற்கள் உட்பட, எழுதி வாங்குங்கள். அப்படி எழுதித்தரத் தயங்குபவர், சான்றிதழில் மட்டும் தாராளமாக எழுதுவார்.

நெய்தல்நிலம்:

வாங்கியபின் செய்யவேண்டியதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். நம் ஊரில் பாதுகாப்பு என்ற பெயரில் அழிந்த படங்களுக்குக் கணக்கில்லை. செல்லோடேப்பும் ஃபெவிகாலும் அதே வகைதான். பழைய ஃபிரேமின் பின்னால் இருக்கும் பிளைவுட் அட்டையிலிருந்து அமிலம் கசிந்து தாளைப் பழுப்பாக்கும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், ஈரத்தில் இளகியிருந்த ஜெலட்டின் படலம் காய்ந்து கண்ணாடியைப் பற்றிக்கொண்டது என்று பொருள். அதை உரிக்க முயன்றால் முகமும் கையொப்பமும் கண்ணாடியோடு போய்விடும். அமிலமற்ற அட்டையில் சாளரம் வெட்டி, படம் கண்ணாடியைத் தொடாதபடி இடைவெளி விட்டு மாட்டுவதும், மாட்டாதபோது பாலியஸ்டர் உறையில் வைப்பதும் போதுமானவை. வெயில்படும் சுவரில் மாட்டினால் படம் தங்கும், நீல மை போய்விடும். கடலோர ஊர்களில் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டைத் தவிருங்கள். ஈரம் அங்கேதான் முதலில் இறங்கும்.

வைகைக்கரையான்:

விரிவாக விடையளித்த அனைவருக்கும் நன்றி. சென்ற வாரம் சென்னைக்குச் சென்று அந்தக் கடையில் படத்தை ஃபிரேமிலிருந்து எடுக்கச் சொன்னேன். வியாபாரி முதலில் தயங்கினாலும் பின்னர் எடுத்துக் கொடுத்தார். சாய்ந்த ஒளியில் மை தனியாகத் தெரிந்தது. மையூற்றுப் பேனாவால் எழுதியதாகவே தோன்றியது. ஆனால் பின்புறத்தில் ஒரு ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை இருந்தது. அதில் முகவரியின் இறுதியில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. அஞ்சல்தலை சேர்ப்பவன் என்பதால் அது என் கண்ணில் உடனே பட்டது. ஆறிலக்கக் குறியீடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. நேரு மறைந்தது 1964 மே 27 அன்று.

வியாபாரியிடம் இதைச் சொன்னபோது, முத்திரை பிற்காலத்தில் ஃபிரேம் போட்டவர்கள் குத்தியதாக இருக்கலாம் என்றார். அது முற்றிலும் பொருளற்ற விடையும் அல்ல என்பதால் எனக்குக் குழப்பம். தாள் சற்று வழவழப்பாக, இன்றைய வண்ணப் படங்களின் தாளைப்போல் இருந்தது. ஓரங்கள் சுருளவே இல்லை. விளக்கின்கீழ் நன்றாக ஒளிர்ந்தது. இப்போது அவர் ஐயாயிரம் ரூபாய்க்குத் தருவதாகத் தொலைபேசியில் சொல்கிறார்.

பழங்காகிதம்:

முத்திரையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்று அவர் சொன்னது சரியே. ஆனால் நீங்கள் விவரிக்கும் தாள், இருபுறமும் பிளாஸ்டிக் பூச்சுள்ள வகை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அது புழக்கத்துக்கு வந்தது 1970களில்தான். அந்தப் பூச்சில்லாத பழைய நார்த்தாள் நம் ஊர் வெயிலுக்கு ஓரத்தில் சுருளாமல் இராது. தாள் பிந்தியது, முத்திரையும் பிந்தியது என்றால், அதன்மேல் உள்ள மை மட்டும் எப்படி முந்தியதாக இருக்கும்? பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதியின் மீது யாரோ எழுதியிருக்கிறார்கள்.

ஐயாயிரம் என்பது அந்தப் பிரதிக்கு மிக அதிகம். ஆனால் பேச்சாளருக்குப் பின்னால் மேடையில் இருப்பவர்களை அடையாளம் கண்டு, அது ஆவடிதான் என்று உறுதிசெய்ய முடிந்தால், புகைப்படம் என்ற அளவில் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கலாம். அப்படி வாங்கினால், கையொப்பம் போலி என்பதையும் அதற்கான காரணங்களையும் ஒரு சீட்டில் எழுதிப் படத்துடனேயே உறையில் வையுங்கள். படத்தின் பின்புறத்திலேயே எழுதலாமே என்றால், பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் சரியாகப் பிடிக்காது.

ஏட்டறை:

மேடையில் இருப்பவர்கள் தெரியும்படி ஒரு பிரதி எடுத்து இங்கே இடுங்கள். 1955 ஜனவரி மாத நாளிதழ்களில் மாநாட்டுப் படங்கள் வந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.